பற்றுப் பக்கத்தில் எழுதாதவை

(மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு கிராமப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'பொருளியல் அறிஞர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது அச்சுப்பிழை. நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருடம் செயலாளராக இருந்தவன். பயிர்க்கடன், உரக்கடன், நகைக்கடன்: எனக்குத் தெரிந்த பொருளியல் அவ்வளவுதான். ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு; பூட்டைப் போடுவதற்கு முன்னால் இரண்டும் நேராக வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றைக்குத் தூக்கம் கெட்டது. அந்தப் பழக்கத்தோடுதான் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு சங்க உறுப்பினரிலிருந்து தொடங்குகிறேன். அவர் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மடத்து நிலம் பத்து மா, அப்பா காலத்துக் குத்தகை, எல்லாம் வாய்ப்பேச்சு. நிலத்து ஓரமாக எண்ணெய்க் குழாய் போகிறது. ஒரு புரட்டாசியில் அது விட்டுக்கொண்டது. நாற்றங்காலிலும், நடவுக்காகச் சேறடித்து வைத்திருந்த இரண்டு மாவிலும் கறுப்பாக எண்ணெய், கூடவே உப்புத் தண்ணீர். அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், மேல்மண்ணை வாரி லாரியில் ஏற்றிப் போனார்கள். நஷ்டஈடும் வந்தது; வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நஷ்டஈடு சர்வே நம்பரைத் தேடிக்கொண்டு வரும். அந்த நம்பருக்கு நேரே பட்டாவில் மடத்தின் பெயர் இருந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறீர்கள் என்று கையைத் தூக்கச் சொன்னால் எனக்குத்தான் சங்கடம். வேடிக்கை என்னவென்றால், இவர்தான் சாகுபடி செய்கிறார் என்று விஏஓ எழுதிக்கொடுத்த அடங்கலை வைத்துத்தான் நாங்கள் பயிர்க்கடன் கொடுத்திருந்தோம். கடன்காரராவதற்கு அந்தத் தாள் போதும். நஷ்டப்பட்டவராவதற்குப் போதவில்லை.

மாசியில் வந்தார். "செக்ரட்டரி சார், இந்த வருசம் மட்டும் தள்ளிக் குடுங்க" என்றார். விதியில் இடமில்லை. பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே 'தவணை தவறியவர்' என்று எழுதினேன். எண்ணெய் கசிந்தது என்று எழுத அந்தப் பேரேட்டில் கட்டம் கிடையாது. எழுதிய கை இதோ, இந்தக் கைதான். இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடத் தொடங்கியது 1950களின் கடைசியில். நரிமணத்தில் கிடைத்தது 1980களில். 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் காரைக்கால் நிரவியில் இருக்கிறது. அடியக்கமங்கலம், கமலாபுரம், கோவில்களப்பாள் என்று நம் பஸ் ரூட்டில் வரும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் எண்ணெய் வரைபடத்திலும் இருக்கின்றன. இந்த வரலாறு உங்களுக்கே தெரியும். நான் கேட்பது வேறு: இதன் வரவு எந்தெந்தப் பேரேட்டில் ஏறுகிறது?

நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ராயல்டி மாநில அரசுக்கு. வரிகள் மத்தியிலும் மாநிலத்திலும். லாபம் நிறுவனத்துக்கு. கிணறு இருக்கிற ஊராட்சிக்கென்று தனிப் பங்கு இல்லை. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் இருக்கும் மாவட்டங்களுக்கெல்லாம் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றை வைத்தார்கள். பழைய குத்தகைகளில் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்தவற்றில் 10 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக வாங்கி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவழிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சட்டத்தில் 'கனிமம்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போதே கனிம எண்ணெய் நீங்கலாக என்று எழுதியிருக்கிறது. எண்ணெய்க்குத் தனிச்சட்டம், 1948ஆம் வருடத்தது. அதனால் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்தால் அறக்கட்டளைக்குப் பணம் சேரும். நம் கொல்லைக்கு அடியில் எண்ணெய் எடுத்தால் அந்த வழியில் சேராது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, ஊருக்குக் குடிதண்ணீர் இயந்திரம் என்று சிஎஸ்ஆர் என்கிற சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கில் ஏதோ வருகிறது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. அன்பளிப்பை வரவில் எழுதலாம், பாக்கி என்று எழுத முடியாதே.

சரி, செலவுக்கு வருகிறேன்.

கிணறு தோண்டும் இடம் என்றால் நாலைந்து ஏக்கருக்குச் சரளை கொட்டி மேடாக்குவார்கள். கனரக வண்டி போக ஒரு பாதையும் மேடாக்குவார்கள். இடத்துக்காரருக்கு வாடகை உண்டு. டெல்டாவில் விவசாயம் பண்ணியவருக்குத்தான் தெரியும், இங்கே தண்ணீர் பாய்ச்சுவதைவிட வடிப்பது பெரிய வித்தை. மேட்டூரிலிருந்து நமக்கு வருவதற்குள் நிலம் தட்டையாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை வயல்மேல் வயலாக நழுவி, வடிகாலில் விழுந்து, கடலைப் பார்க்கப் போக வேண்டும். நடுவில் ஒரு பாதை குறுக்கே படுத்து, அதற்கு அடியில் வைத்த குழாய் சின்னதாக இருந்தால், மேல்புறத்து வயல்களில் தண்ணீர் நாலு நாள் கூடுதலாக நிற்கும். பொதி கட்டுகிற பயிருக்கு நாலு நாள் என்றால் என்ன என்று உங்களிடம் நான் சொல்லத் தேவையில்லை. வாடகை வாங்குகிறவர் ஒருவர். தண்ணீர் நிற்பது அவருடைய மேல்பக்கத்து ஆறு பேர் வயலில். அந்த ஆறு பேர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

அடுத்தது உப்பு. எண்ணெய் தனியாக மேலே வராது. ஆழத்து உப்புத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். கிணறு கிழடாக ஆக எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடியும் ஆழத்துக்கே செலுத்த வேண்டும் என்பது முறை. அது வழியில் சிந்தினால், எண்ணெயைவிட இந்தத் தண்ணீர்தான் நிலத்தைக் கெடுக்கும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், வாரிவிடலாம். உப்பிலுள்ள சோடியம் நம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து அடைத்துவிடும். காய்ந்தால் கட்டாந்தரை, நனைந்தால் குழைசல். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிக் கழுவி மீட்க வேண்டும். நஷ்டஈட்டை ஒரு போகத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். மண்ணுக்கு அந்த ஒரு போகக் கணக்கு தெரியாது.

குழாய்க்கு வருகிறேன். இதில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு இருக்கிறது. 1962இல் பெட்ரோலியக் குழாய்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி நிலத்தை வாங்க வேண்டியதில்லை. 'பயன்பாட்டு உரிமை' எடுத்தால் போதும். நிலம் உங்களுடையதே, பட்டா உங்கள் பெயரிலேயே, தீர்வையும் நீங்களே கட்டலாம். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, குளம் வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. குழாய் பதிக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு நஷ்டஈடு தனி. இத்தனை கூடாதுகளுக்கும் சேர்த்து நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், ஒரே தடவை.

கொங்கு மாவட்டங்களில் எரிவாயு நிறுவனமான கெயில் குழாய்க்காகக் கேட்டது 20 மீட்டர் அகலம். ஒருவர் தென்னந்தோப்பில் அது 100 மீட்டர் நீளத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட அரை ஏக்கர். ஏக்கர் 20 லட்சம் என்று நான் ஒரு விலை வைக்கிறேன், பேச்சுக்கு. அரை ஏக்கர் 10 லட்சம், அதில் 10 சதவீதம் ஒரு லட்சம். அந்த அரை ஏக்கரில் 35 தென்னை நிற்கும். மரத்துக்கு வருடம் 80 காய், காய்க்கு 15 ரூபாய் என்றால் 42,000 ரூபாய். வெட்டிய மரத்துக்கு ஒரு தடவை பணம் கொடுத்துவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுபடியும் அங்கே மரம் வைக்கக்கூடாதே! வெட்டுக்கூலி, உரம் எல்லாம் போக பாதி மிஞ்சினால்கூட, அந்த ஒரு லட்சம் ஐந்து வருடத்தில் தீர்ந்துபோகும். குழாயோ முப்பது நாற்பது வருடம் இருக்கும். விற்கப் போனால் வாங்க வருகிறவர் குழாய்க்கல்லைப் பார்த்துவிட்டு மொத்தத் தோப்புக்கும் விலையை இறக்குவார். ஏழு மாவட்ட விவசாயிகள் போராடி, 2013இல் மாநில அரசு குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1962ஆம் வருடத்துச் சட்டம் அப்படியே நிற்கிறது.

குழாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பதன் விலை என்ன என்பதற்கு ஆந்திராவில் ஒரு ஊர் இருக்கிறது. கோனசீமாவில் 'நகரம்' என்றே பெயர் கொண்ட கிராமம். 2014 ஜூன் 27 விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னைகள் நின்ற இடத்திலேயே கருகின. அதே வட்டாரத்தில்தான் 1995இல் பாசர்லபூடிக் கிணறு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. இதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனமில்லை.

அசாமில் பாக்ஜான் கதை நம் கணக்குக்கு இன்னும் நெருக்கம். 2020 மே 27 அன்று கிணறு பீறிட்டது, ஜூன் 9 அன்று தீப்பிடித்தது, நவம்பர் 15 அன்றுதான் முழுவதும் அணைந்தது. பக்கத்தில் மகுரி மோட்டாபுங் என்ற சதுப்பு ஏரி. அதில் மீன் பிடித்தும், பறவை பார்க்க வருகிறவர்களைப் படகில் அழைத்துப்போயும் பிழைத்தவர்கள் உண்டு. வீடு எரிந்தவர் எரிந்த வீட்டைக் காட்டலாம். ஏரிக்குப் பட்டா யாரிடம் இருக்கிறது? நஷ்டஈடு பட்டாவின் பின்னால் போகிறது, எண்ணெய் தண்ணீரின் பின்னால் போகிறது. இரண்டும் சந்திக்கிற இடம் குறைவு.

இப்போது நம் டெல்டாவிலேயே இருக்கும் கதிராமங்கலம். 2017 ஜூன் 30 காலையில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. கலெக்டர் வரவேண்டும் என்று ஊர் கூடியது. வைக்கோலில் தீப்பிடித்தது, தடியடி நடந்தது, பேராசிரியர் த. ஜெயராமன் உட்படப் பத்துப் பேரைக் கைது செய்தார்கள். ஜாமீன் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இதை அரசியலாக நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் ஒரே ஒரு சில்லறைக் கணக்கை மட்டும் சேர்க்கிறேன். வழக்கு என்றால் வாய்தா. வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு, வக்கீலுக்கு, கோர்ட் வாசலில் சாப்பாட்டுக்கு. அதே வருடம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து வாரக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்களே, அந்த நாட்களுக்கு அவர்கள் வயலை யார் பார்த்தார்கள்? அது எப்பேர்ப்பட்ட வருடம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஜனவரியில்தான் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்திருந்தது. சம்பா கருகி, கையில் காசில்லாத வருடம். 2021இல் மீத்தேன் திட்டத்தை எதிர்த்த போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. வாய்தா நாட்களைத் திரும்பப் பெற வழியில்லை. ஒரு திட்டம் வரலாம் என்ற வதந்தி வந்தாலே ஊர் செலவு செய்ய ஆரம்பித்துவிடுகிறது. நம் பக்கம் வரவிருந்த 691 சதுர கிலோமீட்டர் மீத்தேன் திட்டத்தில் வணிக அளவில் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் அதை நிறுத்துவதற்கு இந்த மாவட்டம் கொடுத்த விலையை யாரும் கூட்டவில்லை. இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுத்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் அந்தத் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தில் இருக்கும்போதே அத்திவெட்டியில் காலமானார்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நினைப்பது எனக்குப் புரிகிறது. காவிரி வராத வருடத்திலும் கிணற்று இடத்து வாடகை வந்ததே என்கிறார். உண்மைதான். என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்: "குறுவை ஏமாத்தும், சம்பா ஏமாத்தும், அந்த செக்கு ஏமாத்தாது." அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அறுவடை மெஷினுக்கு டீசல், வீட்டுக்கு சிலிண்டர் எல்லாம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பதும் தெரியும். என் சண்டை வாடகை வாங்குகிறவரோடு இல்லை. அந்த நிலத்தில் வாடகை வாங்குகிறவரைத் தவிர வேறு எத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரு மா நிலத்தை எண்ணிப் பாருங்கள். நாற்றுப் பறிக்கிறவர்கள், நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள். அறுவடை மெஷின் வந்து பாதிக் கூலியைத் தின்றுவிட்டது, அது வேறு கதை. அறுப்புக்கு முன்னால் தெளிக்கிற உளுந்து, பயறு. அதைப் பிடுங்கவும் அடிக்கவும் ஆள் வேண்டும். அறுத்த வயலில் வாத்து ஓட்டிக்கொண்டு வருகிறவர். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கிடை போடும் கீதாரி. மூட்டை தூக்குகிறவர். நாலு ஏக்கரில் சரளை விழுந்தால் இத்தனை பேருடைய வருட வருமானத்திலும் ஒரு துண்டு போகும். அதற்குப் பதிலாக என்ன வேலை வரும்? துளையிடும் மாதங்களில் வெளியிலிருந்து தொழில்நுட்ப ஆட்கள் வருவார்கள். அது முடிந்து எண்ணெய் வரத் தொடங்கினால் வேலிக்குள் மரம்போல நிற்கும் இரும்பு வால்வுகள், வாசலில் காவலாளி. வண்டி ஒப்பந்தம் வசதி உள்ளவருக்கு. நடவுக்காரம்மாவுக்கு அங்கே என்ன வேலை? கீதாரியை விடுங்கள், அவருடைய இராமநாதபுரத்திலேயே 2025இல் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறச் சொல்லி மாநில அரசு உத்தரவிட வேண்டியிருந்தது. 2020ஆம் வருடத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது இராமநாதபுரம். நமக்கு அந்தச் சட்டம் புதுக் கிணற்றைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை ஓடுகின்றன, அவற்றின் குழாய்களுக்கும் வயது ஏறுகிறது.

நம் அரசு சரியில்லை, பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று ஒருவர் டீக்கடையில் என்னோடு வாதாடினார். அவருக்காக நெதர்லாந்து. அங்கே வடகோடியில் க்ரோனிங்கன் என்று விவசாய மாகாணம். நம்மைப் போலவே தட்டை நிலம், வடிகால்தான் உயிர். 1959இல் அங்கே எரிவாயு கண்டுபிடித்தார்கள். உலகின் மிகப்பெரிய வயல்களில் ஒன்று. நாடே அதில் அடுப்பு மூட்டியது. எடுக்க எடுக்க அடிநிலம் அமுங்கி, நிலநடுக்கம் வரத் தொடங்கியது. 2012 ஆகஸ்டில் ஹாய்சிங்க என்ற சிற்றூரில் 3.6 ரிக்டர். எண்ணைக் கேட்டால் சின்னது. ஆனால் செங்கல் வீடுகள், ஆழமில்லாத நடுக்கம், சுவர்கள் விரிந்தன. அடுத்த வருடம் எரிவாயு எடுப்பதைக் குறைக்காமல் கூட்டினார்கள். வீட்டை விற்க முடியாமல், முட்டுக்கொடுத்த சுவருக்குள் வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். 2023இல் நாடாளுமன்ற விசாரணைக்குழு அறிக்கை கொடுத்தது. இத்தனை வருடத்தில் அரசுக்குக் கிடைத்தது சுமார் 363 பில்லியன் யூரோ, எடுத்த நிறுவனங்களான ஷெல்லுக்கும் எக்ஸானுக்கும் சேர்த்து சுமார் 66 பில்லியன். க்ரோனிங்கன் மக்களின் நலனைத் தொடர்ந்து அலட்சியம் செய்தார்கள் என்று அந்தக் குழுவே எழுதியது. அதே வருடம் அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

அந்தக் கதையில் நான் எடுத்துக்கொண்டது இந்தப் பெரிய எண்களை அல்ல. ஒரு சின்னச் சட்டத் திருத்தத்தை. முதலில் வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது, இந்த விரிசல் எரிவாயு எடுத்ததால் வந்தது என்று. எப்படி நிரூபிப்பார்? 2016 கடைசியில் அதைத் திருப்பிப் போட்டார்கள். அந்தப் பகுதியில் அந்த மாதிரி விரிசல் வந்தால் எரிவாயுவால் வந்ததாகவே கொள்ள வேண்டும்; இல்லையென்றால் நிறுவனம் நிரூபிக்கட்டும். இதை நம் வயலுக்குக் கொண்டுவந்து யோசியுங்கள். குழாய் போகும் பட்டைக்கு இவ்வளவு தூரத்துக்குள் மண் உப்பாகிவிட்டால் அது குழாயால் ஆனதாகவே எழுது. இல்லையென்று நிறுவனம் மண் பரிசோதனை செய்து காட்டட்டும். பயிர் வைத்தவர் அடங்கலில் இருக்கிறாரா, அவர் கையில் பணத்தைக் கொடு. பட்டாதாரருக்கு உரியதைத் தனியாகக் கொடு. நடவுக்காரர்களுக்கு ஊரக வேலைத் திட்ட அட்டை இருக்கிறது. அந்த ஊரில் அந்தப் போகத்தில் எத்தனை நாள் கூலி போயிற்று என்று கிராம சபையிலேயே கணக்கெடுக்கலாம். இதெல்லாம் பெரிய புரட்சி இல்லை. பேரேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகக் கிழிப்பது, அவ்வளவுதான்.

கணக்கெடுக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன தையில், முதலில் சொன்னேனே, அந்தக் குத்தகைக்காரரின் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே நடவுக் குழுவை நடத்துகிற அம்மா ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாது. கசிவு நடந்த அந்தப் போகத்தில் தன் ஆட்களுக்குப் போன நாட்களை விரல்விட்டுச் சொன்னார்: நாற்றுப் பறி, நடவு, முதல் களை, இரண்டாம் களை, உளுந்து பிடுங்கியது, யார் யாருக்கு எத்தனை நாள், அதில் யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் திருப்பூருக்கு அனுப்பினார்கள் என்பது வரைக்கும். "ஐயா, எங்ககிட்ட யாரும் கேக்கலையே தவிர, மறக்கல" என்றார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நாலு பக்கம் வந்தது. அந்த நோட்டை இன்று கொண்டுவந்து படிப்பக மேசைமேல் வைத்திருக்கிறேன். டீ வந்துவிட்டது என்கிறார்கள். குடித்துவிட்டு, குழாய் போன நிலத்தில் பாடுபடுகிறவர்கள் யாராவது இருந்தால் மேசைப் பக்கம் வாருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.